ஓ.டி. என்று நான் சொன்னது

"காலை 9.32: இல்ல வருகைக்குக் கோரிக்கை. 9.41: மருத்துவர் புறப்பட்டார். 9.53: நோயாளி ஓ.டி.யில் இருப்பதாக உறவினர் தொலைபேசியில் தெரிவித்தார். 9.54: மருத்துவர் திருப்பி அழைக்கப்பட்டார். கோரிக்கை நிறைவுற்றது."

வீட்டுக்கே மருத்துவரை அனுப்பும் சென்னை நிறுவனம் ஒன்றுக்கு என் மகள் ஜெனி நான்கு மாதம் விடாமல் எழுதி வாங்கிய ஒரு பக்கக் குறிப்பில் இந்த வரிகள் இருக்கின்றன. மூலம் ஆங்கிலம், தமிழ் என்னுடையது. நோயாளி என் மனைவி ஸ்டெல்லா. உறவினர் நான்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடலூர் என்பது இரண்டு ஊர். துறைமுகத்தை ஒட்டிய பழைய பகுதி ஓல்டு டவுன். கலெக்டர் ஆபீசும் கோர்ட்டும் இருக்கிற பகுதி நியூ டவுன். இங்கே யாரும் அவ்வளவு நீட்டிச் சொல்வதில்லை. ஓ.டி., என்.டி. அவ்வளவுதான். பஸ்ஸில் கண்டக்டர் "ஓ.டி.யெல்லாம் எறங்கு" என்பார். கல்யாணப் பத்திரிகையில் அப்படித்தான் அச்சடிப்பார்கள். நான் முப்பத்து நான்கு வருஷம் தபால் துறையில் இருந்தவன். அதில் பாதிக்கு மேல் கடிதம் பிரிக்கும் மேசையில் உட்கார்ந்து அந்த இரண்டு எழுத்தைப் பார்த்து ஒரு பக்கமும், மற்ற இரண்டு எழுத்தைப் பார்த்து இன்னொரு பக்கமும் போட்டவன். மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை அறைக்கும் ஓ.டி. என்றுதான் பெயர் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று அது நினைவுக்கு வரவில்லை.

அந்த நிறுவனத்தை நாங்கள் நம்பியதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு சென்னையில், ஜெனியின் பதினொன்றாவது மாடி வீட்டில் இருந்தபோது எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. ஜெனி செல்பேசியில் எதையோ அழுத்தினாள். இருபத்தாறாவது நிமிஷம் ஒரு டாக்டர் கையில் பெட்டியோடு வாசலில் நின்றார். ரத்தம் எடுத்தார், மருந்து கொடுத்தார், கைகழுவ இடம் கேட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார். ஸ்டெல்லாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"போஸ்ட்மேன் வூட்டுக்கு டாக்டரையே தபால்ல அனுப்பிட்டானுவளே! இத்தினி வருசம் நீங்க ஒரு மணியார்டரை இந்த வேகத்துல குடுத்திருப்பீங்களா?"

"நான் போஸ்ட்மேன் இல்லடி, லெட்டர் பிரிக்கிற சார்ட்டர்."

"ஆமா, கலெக்டரு."

அந்த நிறுவனம் மாவட்டங்களுக்கும் வருகிறது என்றதும் ஜெனி எங்கள் இருவர் பெயரிலும் ஒரு வருஷத்துக்குப் பதிவு செய்துவிட்டாள். பதிவில் இருந்த முகவரி அவளுடைய சென்னை முகவரி. கடலூரிலிருந்து கூப்பிட்டால் இடத்தை வாயால் சொல்ல வேண்டும். அது ஒரு குறையாக அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஜூன் மாதத்துக் கடைசிச் செவ்வாய்க்கிழமை. என் நோட்டில் காலை 9.10க்கு எதிரே ஒரு சின்ன மீனின் பெயர் மட்டும் இருக்கிறது: காரப்பொடி. எதையும் மணி போட்டு எழுதுவது தபால் முத்திரை குத்திய கையின் பழக்கம். ஸ்டெல்லா அடுப்படியிலிருந்து சொன்னதை மறக்காமல் இருக்க எழுதினேன். அவள் சொன்னது இது:

"மீன்காரி வந்தா காரப்பொடி இருந்தா வாங்குங்க, கெழங்கா வேணாம். நேத்து மாரி அவகிட்ட கதை கேட்டுக்கிட்டு நிக்காதீங்க."

9.20க்குக் காபி டம்ளர் அவள் வலது கையிலிருந்து நழுவியது. "என்னாடி?" என்றேன். "ஒண்ணுல்ல" என்றாள், ஆனால் அந்தச் சொல் வாய்க்குள்ளேயே குழைந்து, கள் குடித்தவன் பேச்சு மாதிரி வந்தது. உதட்டின் வலது ஓரம் இறங்கியிருந்தது. பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன். பத்து நிமிஷத்தில் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. கையைத் தூக்கினாள், பாதிதான் வந்தது. என்னைப் பார்த்து, குழறிக் குழறி, ஆனால் எனக்குப் புரியும்படி கேட்டாள்:

"மணி எழுதிட்டீங்களா?"

கேலிதான். அவள் முழுதாகச் சொன்ன கடைசி வாக்கியம் அது.

9.32க்கு நிறுவனத்தைக் கூப்பிட்டேன். ஒரு பெண் பேசினாள். நல்ல பெண், பதறாமல் பேசினாள். பெயர், வயசு, ஊர், என்ன செய்கிறது என்று கேட்டாள். சர்க்கரையும் பிரஷரும் உண்டு, வாய் குழறுகிறது என்றேன். "கடலூர்ல டாக்டர் இருக்காரு சார். நாப்பத்தஞ்சு நிமிஷத்துல வந்துடுவாரு. பேஷண்ட்ட எங்கயும் நகத்தாதீங்க, படுக்க வைங்க" என்றாள். நான் நகர்த்தவில்லை. அந்த உத்தரவை இரண்டு மணி நேரம் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தேன்.

9.52க்கு அவர்களிடமிருந்து ஒரு அழைப்பு. இந்த முறை ஒரு பையன் குரல். வாசலில் ஐஸ் ஏற்றிக்கொண்டு மீன் லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. பாதி காதில் விழவில்லை.

"பேஷண்ட் இப்ப எங்க சார் இருக்காங்க?"

நான் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

"ஓ.டி.யிலயா சார்?"

"ஆமாப்பா, ஓ.டி.தான்."

"ஓகே சார், ஓகே. டேக் கேர் சார்."

கடைசியில் அவன் குரலில் ஒரு பரிவு இருந்தது. மரியாதையான பையன் என்று நினைத்துக்கொண்டேன். கத்தி வைக்கும் அறைக்குள் மனைவியை விட்டுவிட்டு வெளியே நிற்கிறவனுக்குச் சொல்லும் ஆறுதல் அது என்பது நான்கு மாதம் கழித்துத்தான் விளங்கியது.

என்.டி.யில் இருக்கும் மஞ்சக்குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு ஸ்கூட்டரில் கால் மணி நேரம். அந்த டாக்டர் எங்கிருந்து புறப்பட்டார் என்று குறிப்பில் இல்லை. பதின்மூன்று நிமிஷம் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார் என்பது மட்டும் இருக்கிறது.

10.40 வரை வாசலில் நின்றேன். மீன்காரி வந்தாள், காரப்பொடி இருந்தது, வேண்டாம் என்று அனுப்பினேன். பிறகு கூப்பிட்டேன். எங்கள் அழைப்பு அவர்களுக்கு முக்கியமானது என்று ஒரு இயந்திரம் பதினெட்டு நிமிஷம் சொல்லிக்கொண்டிருந்தது. 10.58க்கு வேறொரு பெண் வந்தாள்.

"உங்க ரிக்வெஸ்ட் கம்ப்ளீட்டட்னு காட்டுது சார்."

"யாருமே வரலியேம்மா."

"க்ளோஸ் ஆயிருக்கு சார். புதுசா ஒண்ணு போடட்டுமா? நாப்பத்தஞ்சு நிமிஷம் ஆகும்."

போடச் சொன்னேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். 108 என்ற மூன்று எண் இந்த மாநிலத்தில் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும், கூப்பிடவில்லை. அதற்குள் ஸ்டெல்லாவின் வலது கை முற்றாக விழுந்துவிட்டது. கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். அப்போதும், டாக்டர் வரும் நேரத்தில் நாம் வீட்டில் இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று யோசித்தேன். பதிவுத்தபால் வரும் நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகக்கூடாது என்று ஜனங்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய புத்தி.

11.25க்கு ஸ்டெல்லாவின் தம்பி ராபர்ட் வந்தான். மாலையில் அந்தோணியார் கோயிலுக்குக் கூட்டிப்போவதைப் பற்றிப் பேச வந்தவன். அக்காவைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னா மாமா இது? எப்பத்துலேந்து இப்பிடி இருக்கு?"

"9.20."

"மணியா கேட்டேன்? ஏன் இங்க வச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"டாக்டர் வர்றாருடா மச்சான், நகத்தக் கூடாதுன்னு..."

"எந்த ஊரு டாக்டரு? மெட்ராசுலேந்து நடந்து வர்றாரா?"

அவன்தான் 108ஐக் கூப்பிட்டான். பதினான்கு நிமிஷத்தில் வண்டி வந்தது. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சிறிய மருத்துவமனைக்குப் போனோம். அங்கிருந்த வயதான டாக்டர் வண்டிக்குள்ளேயே ஏறிப் பார்த்தார். கையைத் தூக்கச் சொன்னார், நாக்கை நீட்டச் சொன்னார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. "எறக்காதீங்க. இது மூளையில ரத்தக் கட்டியா இருக்கும். கரைக்கிற ஊசி ஒண்ணு இருக்கு, ஆனா நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சொல்லிடறேன், நேரா போங்க" என்றார். அன்று நான் சந்தித்தவர்களில், வீட்டுக்கு வந்து நோயாளியைப் பார்க்கும் டாக்டர் என்று யாரையாவது சொல்ல முடியுமானால் அவரைத்தான் சொல்ல வேண்டும்.

சிதம்பரம் தெற்கே இருக்கிறது. வந்த வழியே திரும்பி, ஓ.டி.க்குள் நுழைந்து, எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டினோம். மணி 12.27. சாலை வேலை நடந்ததால் ஆலப்பாக்கத்துக்குப் பக்கத்தில் வண்டி நின்று நின்று போனது. ராபர்ட் அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். 9.10உடன் நாலரை மணி நேரம். 1.40.

1.22க்கு உள்ளே கொண்டுபோனார்கள். அவர்கள் வேகத்தில் நான் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். ஒருவர் ரத்தம் எடுத்தார், ஒருவர் பிரஷர் பார்த்தார். அது மிக உயரத்தில் இருந்ததால் இறக்க மருந்து கொடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ரத்தம் கசிந்திருந்தால் கரைக்கும் ஊசி போட்டால் ஆளே போய்விடும். கசியவில்லை, அடைத்திருக்கிறது என்று உறுதி செய்த பிறகுதான் போட முடியும். அதனால் ஸ்கேன் முதலில். இளம் வயதுப் பெண் டாக்டர் ஒருவர் வெளியே வந்தார்.

"கடைசியா எப்ப நல்லா பேசினாங்க? எந்தத் தடுமாற்றமும் இல்லாம?"

"9.10."

"சுமாரா சொல்றீங்களா?"

"இல்லீங்க. எழுதி வச்சிருக்கேன்."

நோட்டைக் காட்டினேன். 9.10, காரப்பொடி. அவர் அதை ஒரு கணம் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். 1.52. உள்ளே போய்ப் பெரிய டாக்டரிடம் தொலைபேசியில் பேசினார். திரும்பி வந்து, "நேரம் தாண்டிடுச்சு சார். பிரஷரும் எறங்கல. ஸ்கேன்ல பாதிப்பு தெரிய ஆரம்பிச்சிருக்கு. இப்ப போட்டா ரத்தம் கசிய வாய்ப்பு ஜாஸ்தி. வேற மருந்துல பாக்கறோம்" என்றார். குழாய் விட்டுக் கட்டியை எடுக்கும் முறை பற்றி நானே கேட்டேன், எப்போதோ படித்திருந்தேன். இது சின்னக் கிளைக் குழாய், அதற்கு ஏற்றதல்ல என்றார்.

பன்னிரண்டு நிமிஷம்.

ராபர்ட் என்னை வெளியே கூட்டிப்போனான். வராந்தாவில் வந்துதான் கேட்டான். குரலை உயர்த்தவில்லை.

"ஒரு பத்து மணின்னு சொல்லியிருக்கக் கூடாதா மாமா?"

"பொய் சொல்லச் சொல்றியா?"

"நாட்டுல யாரு மாமா மணி பாத்துக்கிட்டுப் பொண்டாட்டிகிட்டப் பேசறான்?"

பொய் சொல்லி ஊசி போட்டிருந்தால் அவள் அன்றே இறந்திருக்கலாம் என்று பிறகு டாக்டர் எனக்கும் அவனுக்கும் பொறுமையாக விளக்கினார். ராபர்ட் தலையாட்டினான். நானும் தலையாட்டினேன். அவன் கேட்டதை இருவருமே மறக்கவில்லை.

ஒன்பது நாள் அங்கே இருந்தோம். முதல் மூன்று நாள் மூக்கில் குழாய் வைத்துக் கஞ்சி ஊற்றினார்கள். நான்காம் நாள் தேக்கரண்டியில் தண்ணீர் கொடுத்துப் புரை ஏறுகிறதா என்று பார்த்தார்கள். ஏறவில்லை. கால் கொஞ்சம் அசைந்தது. கை அசையவில்லை. பேச்சு வரவில்லை. மூளையின் இடது பக்கத்தில் சொற்களை எடுத்துத் தரும் இடம் ஒன்று இருக்கிறதாம், அடைப்பு அங்கே. நாம் பேசுவது பெரும்பாலும் அவளுக்கு விளங்கும். அவள் சொல்ல நினைப்பதும் அவளுக்குத் தெரியும். சொல் மட்டும் கைக்கு வராது. எனக்கு அது கடிதம் பிரிக்கும் மேசையாகத் தோன்றியது. கடிதங்கள் வந்து குவிகின்றன, அறைகளின் பெயர்ப்பலகையை யாரோ பிடுங்கிப் போட்டுவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் ஒரு சொல் வந்தது: "ஆமா." தண்ணீர் வேண்டுமா? ஆமா. வேண்டாமா? ஆமா. ஜெனி வந்திருக்கிறாள், தெரிகிறதா? ஆமா. இது ஜெனியா, வேறு யாராவதா? ஆமா. ஜெனி வெளியே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த கிழவிக்குத் துணையாகக் கம்மாபுரத்திலிருந்து வந்த மருமகள் ஒருத்தி இருந்தாள். தினமும் காலையில் ஸ்டெல்லாவுக்கும் சேர்த்து வெந்நீர் பிடித்து வருவாள். நான் தடுத்தாலும் கேட்காமல் தலை வாரி விடுவாள். அவளுக்கு வாய் ஓயாது.

"ஒங்க வூட்டம்மா எது கேட்டாலும் ஆமாங்கறாங்களே சார்! எங்க மாமியாகாரிக்குக் கட்டி எதுல அடைச்சுதுன்னு தெரியல, 'இல்ல' மட்டுந்தான் நல்லா வருது. ரெண்டு பேரையும் ஒரு நாளைக்கி மாத்திக்குவமா?"

ஸ்டெல்லா சிரித்தாள். வாய் ஒரு பக்கம் மட்டும் போனது, ஆனாலும் சிரிப்புதான். ஒன்பது நாளில் அந்த ஒரு தடவை. அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல் விட்டுவிட்டேன்.

ஏழாம் நாள் மாலை ராபர்ட் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தான். பாதி மரியன்னை செபத்தில் ஸ்டெல்லாவின் குரல் சேர்ந்துகொண்டது. ஒரு எழுத்துக்கூடக் குழறவில்லை. முழுச் செபத்தையும் சொல்லி, ஆமென் வரை வந்தாள். ராபர்ட் துள்ளி எழுந்தான்.

"மாமா! அக்கா பேசிடுச்சு! நர்சம்மா, எங்க அக்கா பேசிடுச்சுங்க!"

வார்டே திரும்பிப் பார்த்தது. கம்மாபுரத்துப் பெண் கையெடுத்துக் கும்பிட்டாள். ராபர்ட் அழுதுகொண்டே அக்காவிடம் குனிந்து, "நான் யாருக்கா? என் பேரைச் சொல்லு" என்றான்.

"ஆமா" என்றாள் ஸ்டெல்லா.

மறுநாள் பேச்சுப் பயிற்சி தரும் பெண்மணி விளக்கினார். மனப்பாடமான செபம், பாட்டு, எண்கள், வாரத்தின் நாட்கள் இவையெல்லாம் மூளையில் வேறு வழியாக வருமாம். அது பேச்சல்ல, தேய்ந்த தடம். இதை நம்பிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதிசயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார். செபம் சொல்கிறவளுக்குத் தண்ணீர் என்று கேட்க முடியவில்லை. அதற்குப் பிறகு ராபர்ட் அவள் முன்னால் செபமாலை சொல்வதில்லை.

எட்டு மாதம் ஆகிவிட்டது. கோல் ஊன்றி அடுப்படி வரை போகிறாள். ஐந்தாறு சொற்கள் சேர்ந்திருக்கின்றன. "ஆமா" இன்னும் எல்லாக் கதவையும் திறக்கும் சாவியாக இருக்கிறது. மீன்காரி வந்தால் நான் கூடையை உள்ளே கொண்டுவரச் சொல்கிறேன். ஸ்டெல்லா இடது கையால் தொட்டுக் காட்டுவாள். ஒரு தடவை கெழங்காவைத் தொட்டாள். வேண்டும் என்றா, வேண்டாம் என்றா என்று தெரியவில்லை. வாங்கினேன்.

இனி அந்தப் பதில். நிறுவனத்தின் குறிப்பு வந்த நாள் முதல் என் மண்டையைக் குடைவது ஒரே கேள்வி. "பேஷண்ட் எங்க சார் இருக்காங்க?" என்று அந்தப் பையன் கேட்டபோது நான் என்ன சொன்னேன்? என் நினைவில் இருப்பது "ஓ.டி.யில இருக்கோம்" என்பது. அப்படிச் சொல்லியிருந்தால் தப்பு முழுக்க அவர்களுடையது. அறுவை சிகிச்சை அறைக்குள் நோயாளியோடு புருஷனுமா படுத்திருப்பான்? ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். ஆனால் நான் "ஓ.டி.யில இருக்காங்க" என்று சொல்லியிருந்தால், அந்தப் பையன் கேட்டதைத்தான் எழுதினான், டாக்டரைப் பாதி வழியிலேயே திருப்பி அனுப்பியது நான்.

ஜெனியிடம் கேட்டேன். "அவன் எங்க இருக்காங்கன்னு கேட்டா, நீ இருக்காங்கன்னுதாம்பா சொல்லியிருப்ப. எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவோம்" என்றாள். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாள். என் வாழ்நாள் முழுக்க ஜனங்களிடம், ஊர்ப்பெயரைச் சுருக்காதீர்கள், பின்கோடு எழுதுங்கள் என்று சொன்னவன் நான். அந்தப் பின்கோடைக்கூட அன்று நான் சொல்லவில்லை.

பேச்சின் ஒலிப்பதிவைத் தரும்படி நிறுவனத்துக்கு எழுதினோம். அழைப்புகளைத் தொண்ணூறு நாள் மட்டுமே வைத்திருப்பதாகவும், அதற்குப் பின் அழித்துவிடுவதாகவும் பதில் வந்தது. வருத்தம் தெரிவித்திருந்தார்கள். சந்தா தானாகவே புதுப்பிக்கப்படும் என்ற அறிவிப்பும் அதே கடிதத்தின் அடியில் இருந்தது. அந்தப் பையனின் பெயரைத் தர முடியாது என்றார்கள். நான் அவனைத் திட்டுவதற்காகக் கேட்கவில்லை.

அந்த அழைப்பு வந்த நேரத்தில் அறையில் என்னைத் தவிர ஒரே ஒருத்திதான் இருந்தாள். மூன்றடி தூரத்தில், தெளிந்த காதோடு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை மதியம் 3.15க்கு அவள் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டேன்.

"ஸ்டெல்லா, அன்னைக்கிப் போன்ல நான் 'இருக்கோம்'னு சொன்னேனா?"

"ஆமா."

"'இருக்காங்க'ன்னு சொன்னேனா?"

இடது கையை நீட்டி என் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தொட்டாள்.

"ஆமா" என்றாள்.

இரண்டையும் நோட்டில் எழுதியிருக்கிறேன். எது நடந்தது என்பது இந்தத் தேதி வரை சரிபார்க்கப்படவில்லை.